பேப்பர் கல்யாணம்

"நீ தத்துவமெல்லாம் படிக்கிறவன். ஒண்ணு கேக்கறேன், சுத்தி வளைக்காமச் சொல்லு. நான் செஞ்சது பொய்யா?"

2019-இல் ஒரு நாள், மஃரிபுக்குப் பிறகு, மச்சான் போனில் கேட்டான். அவனுக்கு அது காலை நேரம். நியூஜெர்சியில் ஒரு அரசு அலுவலகத்தின் பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்திருந்தான். இன்னும் அரை மணி நேரத்தில் கிரீன் கார்டு நேர்காணல். அவன் மனைவி காபி வாங்கப் போயிருந்தாள். பின் சீட்டில் ஒரு தடித்த ஃபைல்: கல்யாண போட்டோக்கள், இருவர் பெயரிலும் உள்ள வீட்டு வாடகை ஒப்பந்தம், ஜாயின்ட் அக்கவுன்ட், கரன்ட் பில். அவர்கள் ஒன்றாக வாழ்கிறார்கள் என்பதற்கான சாட்சியங்கள்.

"எல்லாம் நல்லபடியா முடியும், துஆ செய்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். அந்தக் கேள்வி இத்தனை வருஷமாக என்னை விடவில்லை. காரணம் மச்சான் இல்லை. அதே கேள்வி எங்கள் வீட்டுக்குள்ளேயே வேறு ஒரு ரூபத்தில், அதற்கு முன்பே வந்து போயிருந்தது.

*

பாண்டியிலிருந்து ஈசிஆரில் வடக்கே வந்தால் முத்தியால்பேட்டை முடிகிற இடத்தில் எங்கள் கோட்டக்குப்பம் ஆரம்பிக்கிறது. ஆரம்பிப்பது தெரியாது. பெட்ரோல் விலையையும் சாராயத்துக்காக நிற்கிற போலீஸ் செக்போஸ்ட்டையும் வைத்துத்தான் மாநிலம் மாறியதை வெளியூர்க்காரர்கள் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு காலத்தில் இந்த இடம் இரண்டு சாம்ராஜ்யங்களின் எல்லை. தெற்கே பிரெஞ்சு, வடக்கே மரக்காணம் உப்பளம் தாண்டி மதராஸ் வரைக்கும் பிரிட்டிஷ். பாரதி 1908-இல் அந்த எல்லைக்குள் போய்ப் பத்து வருஷம் இருந்தார். 1918 நவம்பரில் வெளியே வந்தவுடன் கடலூர்ப் பக்கம் கைது செய்தார்கள். கோடு எந்தப் பக்கம் என்பதை வைத்து ஒரே ஆள் கவிஞராகவோ கைதியாகவோ ஆகலாம் என்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

என் நன்னியும் அவருடைய அண்ணனும் முத்தியால்பேட்டையில் பிறந்தவர்கள். அவர்களுடைய அத்தா சைகோனில் பிரெஞ்சுக்காரர்களிடம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். பிறப்புச் சான்று பிரெஞ்சில். நன்னியைக் கட்டிக் கொடுத்தது கோட்டக்குப்பத்தில். வீட்டுக்கு வீடு நடந்தால் இருபது நிமிஷம்.

1954 நவம்பர் 1 அன்று பாண்டிச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. ஆனால் சட்டப்படியான மாற்றம் அன்று நடக்கவில்லை. 1956-இல் கையெழுத்தான ஒப்பந்தத்தைப் பிரான்ஸ் உறுதி செய்து அது அமலுக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான். அந்த ஒப்பந்தத்தில் குடியுரிமைக்கென்று சில பிரிவுகள். பிரெஞ்சுப் பகுதியில் பிறந்து அங்கேயே வசிக்கிறவர்கள் தானாகவே இந்தியக் குடிமக்கள் ஆவார்கள். அங்கே பிறந்து இந்தியாவின் மற்ற பகுதியில் வசிக்கிறவர்களும் அப்படித்தான். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்றால் ஆறு மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். வாயால் சொன்னால் போதாது, சும்மா இருந்தாலும் போதாது. 1963 பிப்ரவரி நடுவில் அந்தக் கதவு மூடியது. அதற்குள் எழுதிக் கொடுத்தவர்கள் சுமார் ஐந்தாயிரம் பேர்தான்.

நன்னியின் அண்ணன் எழுதிக் கொடுத்தார். நன்னி கொடுக்கவில்லை. "நன்னா வேணாம்னுட்டாங்க. அந்த வெள்ளக்காரன் பேப்பர் நமக்கு எதுக்குன்னாங்க" என்பார் நன்னி. பிற்காலத்தில் இதைச் சொல்லும்போதெல்லாம் கொஞ்சம் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் வருத்தமும் இருந்ததா என்று எனக்குக் கடைசி வரைக்கும் தெரியவில்லை.

ஒரு கையெழுத்து. அதிலிருந்து இரண்டு கிளை. ஒரு கிளைக்கு சொல்தா உத்தியோகம், பான்சியோன், பிரெஞ்சு லிசே, பாரீஸ் புறநகரில் அடுக்குமாடி வீடு. இன்னொரு கிளைக்குக் கல்ஃப், கடன், ஈசிஆரில் ஒரு ஜெராக்ஸ் கடை. மச்சான் முதல் கிளையின் பேரன். நான் இரண்டாவது கிளையின் பேரன். முகத்தைப் பார்த்தால் அண்ணன் தம்பி என்பார்கள்.

*

எங்கள் பக்கம் கல்யாணப் பேச்சில் "நேஷனாலிட்டி" என்று ஒரு வார்த்தை உண்டு. எந்த நாட்டு நேஷனாலிட்டி என்று யாரும் கேட்க மாட்டார்கள். மாப்பிள்ளைக்கு நேஷனாலிட்டி இருக்கு என்றால் நகையின் கணக்கு ஏறும். பொண்ணுக்கு இருக்கு என்றால் மாப்பிள்ளை வீட்டுக்காரர்களே செலவைப் பார்த்துக்கொள்வார்கள் என்பது பேச்சு வழக்கு. இடத்தைப் பத்திரத்தில் எழுதுவது போல நாட்டையும் எழுதிக் கொடுக்கலாம் என்று இந்த ஊர் ரொம்ப நாள் முன்பே கண்டுபிடித்துவிட்டது.

பிரெஞ்சுச் சட்டமும் அதற்கு ஏற்றபடிதான் இருந்தது. 1973 சட்டத்தின்படி பிரெஞ்சுக் குடிமகனைக் கட்டிக்கொண்டவர் உடனே ஒரு பிரகடனம் எழுதிக் கொடுத்தால் போதும். பிறகு கதவு மெல்ல மெல்லக் குறுகியது. 1984-இல் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். 1993-இல் இரண்டு வருஷம். 1998-இல் கொஞ்சம் இளகி ஒரு வருஷம். 2003-இல் திரும்ப இரண்டு. 2006-இலிருந்து நான்கு வருஷம், பிரான்சில் தொடர்ந்து குடியிருக்காவிட்டால் ஐந்து. ஒரு நாடு அந்நிய மருமகளை எவ்வளவு சந்தேகப்படுகிறது என்பதை இந்த எண்களை வைத்தே வரைபடம் போடலாம்.

மச்சானின் அம்மா, எங்கள் மாமி, கோட்டக்குப்பத்துப் பெண். 1983-இல் கல்யாணம். அடுத்த வருஷச் சட்டம் வருவதற்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட்டார். பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகுதான் மாமாவோடு பத்து வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசியதாக அவரே சொல்லிச் சிரிப்பார். அதை யாரும் பேப்பர் கல்யாணம் என்று சொன்னதில்லை. பெரியவர்கள் பார்த்துச் செய்த சம்பந்தம். ஜமாஅத்தில் பதிவானது, ஊரைக் கூட்டி பிரியாணி போட்டது.

2015-இல் அக்காவுக்கும் மச்சானுக்கும் பேச்சு நடந்தது. முறைதானே. அத்தா ரொம்ப ஆசைப்பட்டார். 1963-இல் தன் அத்தா விட்ட கையெழுத்தை மகள் மூலமாகத் திரும்பப் பிடித்துவிடலாம் என்று அவருக்கு ஒரு கணக்கு இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அவர் அப்படிச் சொன்னதில்லை. "நம்ம புள்ளைக்கும் ஒரு நல்ல வாழ்க்கை" என்றுதான் சொன்னார். அக்கா அப்போது பி.எட். முடித்து மரக்காணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தாள். அவளிடம் கேட்கப்பட்டது. கேட்ட விதத்திலேயே பதிலும் இருந்தது.

மச்சான் பிடி கொடுக்கவில்லை. யோசிக்கிறேன் என்றான், பிறகு போனை எடுக்கவில்லை. 2016-இல் அமெரிக்காவுக்குப் போய்விட்டான். 2018-இல் அங்கே ஒரு அமெரிக்கப் பெண்ணைக் கட்டிக்கொண்டான் என்று செய்தி வந்தபோது அத்தா சொன்ன முதல் வார்த்தை: "பேப்பருக்காகப் பண்ணியிருக்கான், வெக்கம் கெட்டவன்."

அக்கா அப்போது அடுப்படியில் இருந்தாள். வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு ராத்திரி என்னிடம் மட்டும் சொன்னாள்: "என்னை அவனுக்குக் குடுக்க நெனச்சதும் பேப்பருக்குத்தான். அவன் பேப்பர்ல அவனே கையெழுத்துப் போட்டான். என் பேப்பர்ல என் கையெழுத்து கடைசியா வந்திருக்கும். அவ்ளோதான் வித்தியாசம்."

*

இந்த இடத்தில் சட்டத்தைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டியிருக்கிறது. அதுவே ஒரு விசித்திரமான நீதிக்கதை.

அமெரிக்காவுக்குப் போக எனக்கு விசா வேண்டும். மச்சானுக்கு வேண்டாம். விசா விலக்குத் திட்டம் என்று ஒன்று 1986 சட்டத்தில் சோதனையாக ஆரம்பித்து 2000-இல் நிரந்தரமானது. நாற்பது சொச்சம் நாடுகள் அதில் இருக்கின்றன. பிரான்ஸ் இருக்கிறது, இந்தியா இல்லை. 2009-இலிருந்து எஸ்டா என்று ஆன்லைனில் ஒரு படிவம். தட்டினால் பெரும்பாலும் சீக்கிரமே அனுமதி வந்துவிடும். தொண்ணூறு நாள் இருக்கலாம். வேலை செய்யக் கூடாது. நீட்டிப்பு கிடையாது.

"விலக்கு" என்கிற வார்த்தைக்கு இதில் இரண்டு முனை. அரசு விசாவை விலக்கித் தருகிறது. பதிலுக்குப் பயணி தன் உரிமையை விலக்கிக்கொள்கிறார். தங்கிவிட்டு மாட்டிக்கொண்டால், புகலிடம் கேட்பதைத் தவிர, வெளியேற்றத்தை எதிர்த்து நீதிபதி முன்னால் வழக்காட முடியாது. விசா வாங்கிக்கொண்டு போய்த் தங்கிவிட்ட இந்தியனுக்கு இருக்கும் அந்த வாய்ப்பு, விசா இல்லாமல் சொகுசாகப் போன பிரெஞ்சுக்காரனுக்கு இல்லை. எஸ்டா படிவத்தில் அது எழுதியிருக்கிறது. மச்சான் படிக்காமல் டிக் அடித்தான். நாம் எல்லோரும் அப்படித்தான் அடிக்கிறோம்.

அவன் போனது நண்பன் ஒருவனின் உணவகத்தைப் பார்க்க. ரிட்டர்ன் டிக்கெட் இருந்தது. தொண்ணூறாவது நாள் வந்தது, போனது. "டிக்கெட்ட தள்ளிப் போட்டேன் மச்சான், அப்புறம் டிக்கெட்டே இல்ல" என்றான். அவன் அகதி இல்லை. பிரான்சில் அவனுக்கு வேலை இருந்தது, சுமாரான வேலை. உயிருக்கு ஆபத்து எதுவும் இல்லை. ஆசைதான். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மாதிரிக் கட்டுரைகளில் எல்லை தாண்டுகிறவர்களைப் பாவப்பட்டவர்களாகக் காட்டிவிட்டால் கேள்வி சுலபமாகிவிடும்.

விலக்கில் போய்க் காலம் கடந்து தங்கியவர் பொதுவாக அங்கேயே இருந்துகொண்டு கிரீன் கார்டுக்கு மாற முடியாது. ஒரு விதிவிலக்கு: அமெரிக்கக் குடிமகனின் நெருங்கிய உறவு. கணவன் அல்லது மனைவி, கல்யாணமாகாத மைனர் பிள்ளை, இருபத்தொரு வயது தாண்டிய குடிமகனின் பெற்றோர். இவர்களுக்குத் தங்கிய குற்றமும், அனுமதி இல்லாமல் வேலை செய்த குற்றமும் மன்னிக்கப்படும். ஆனால் நாட்டுக்குள் இருக்கிற வரைக்கும்தான். ஒரு வருஷத்துக்கு மேல் அப்படித் தங்கியவர் வெளியே காலை வைத்தால், 1996 சட்டத்தின்படி பத்து வருஷம் உள்ளே வர முடியாது.

தவறு செய்த இடத்திலேயே நின்றால் மன்னிப்பு. தவறைத் திருத்திக்கொண்டு ஊருக்குத் திரும்பினால் தண்டனை. எந்த மதத்தின் தவ்பாவும் இப்படி வேலை செய்யாது.

*

சரி, பொய்யா?

இரண்டு பொய்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, தொண்ணூறு நாளில் போய்விடுகிறேன் என்ற வாக்கு. இரண்டு, இவளை மனைவியாக ஏற்கிறேன் என்ற வாக்கு.

முதலாவதில் மச்சானுக்கு ஆதரவாக வாதாட நல்ல வக்கீல்கள் இருக்கிறார்கள். ஜோசப் காரென்ஸ் 1987-இல் எழுதிய ஒரு கட்டுரையில், பணக்கார நாட்டின் குடியுரிமை பழைய நிலப்பிரபுத்துவச் சலுகை மாதிரி என்று வாதிட்டார். பிறப்பால் வருவது, உழைப்பால் வராதது, நியாயப்படுத்தக் கஷ்டமானது. அயெலெட் ஷாகர் 2009-இல் இதைப் பிறப்புரிமை லாட்டரி என்று தலைப்பிட்டு ஒரு புத்தகமாகவே எழுதினார். இருபது நிமிஷ நடை தூரத்தில் இரண்டு கிளையாகப் பிரிந்த குடும்பத்தில் பிறந்தவனுக்கு இதைப் புரிய வைக்கப் பெரிய உதாரணம் எதுவும் தேவையில்லை.

ஆனால் அந்த வாதம் எனக்குத்தான் பொருந்தும், மச்சானுக்கு முழுசாகப் பொருந்தாது. அவன் லாட்டரியில் ஏற்கெனவே ஜெயித்தவன். சின்ன ஜமீன்தார், பெரிய ஜமீன்தாரின் தோட்டத்துக்குள் சுவர் ஏறிக் குதிக்கிறான். அதைப் புரட்சி என்று சொல்ல முடியாது.

அவனால் யாருக்காவது நஷ்டமா? வரிசையில் நிற்கிறவர்களை முந்திவிட்டான் என்று அத்தா சொல்வார். இது பாதிதான் உண்மை. குடிமக்களின் கணவன் மனைவிக்கு அமெரிக்காவில் ஆண்டு உச்சவரம்பு கிடையாது. அமெரிக்கக் குடிமகனின் உடன்பிறப்பாக விண்ணப்பித்த இந்தியர்கள் பதினைந்து வருஷத்துக்கு மேல் காத்துக் கிடக்கிறார்கள். ஆனால் அது வேறு வரிசை. மச்சான் போனதால் அதில் யாரும் ஒரு நாள்கூடப் பின்னுக்குப் போகவில்லை. வரிசையை அவன் முந்தவில்லை. அவன் வரிசையே இல்லாத வாசலில் நின்றான், அவ்வளவுதான்.

நஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. நான் ஒருமுறை ஒரு மேலைநாட்டுக்கு, ஒரு கருத்தரங்குக்குப் போக விண்ணப்பித்தேன். இரண்டு நிமிஷத்தில் மறுப்பு. திரும்பி வருவேன் என்று நிரூபிக்கவில்லையாம். செய்யாத தவறுக்கு எப்படி நிரூபணம் கொடுப்பது? யாரோ எப்போதோ தங்கிவிட்டதற்கு நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பதில் சொன்னேன். மச்சானை அந்த மாதிரி யாரும் கேட்டதே இல்லை. நம்பப்பட்டவன் தங்கிவிட்டான், தங்க நினைக்காதவனை நம்பவில்லை. இதற்கு மச்சான் மேல் எனக்குக் கோபமா? கொஞ்சம் உண்டு. நியாயமான கோபமா என்று தெரியாது.

முதல் வாக்கைப் பொறுத்தவரை என் தீர்ப்பு இதுதான்: உடைத்தான். வாக்கைக் கேட்ட விதம் சமமற்றது, அதனால் உடைத்த குற்றம் சின்னது. ஆனால் இல்லை என்று ஆகிவிடாது.

*

இரண்டாவதுதான் உண்மையில் அவன் கேட்டது.

1935-இல் ஆங்கிலக் கவிஞர் ஆடன், எரிகா மன் என்ற ஜெர்மன் நடிகையைக் கல்யாணம் செய்துகொண்டார். தாமஸ் மன்னின் மகள். நாஜிகள் அவருடைய குடியுரிமையைப் பறிக்கப்போகிறார்கள், பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வேண்டும். ஆடனுக்குப் பெண்கள் மேல் நாட்டம் கிடையாது. எரிகாவுக்கும் அவர் மேல் காதல் எதுவும் இல்லை. சுத்தமான பேப்பர் கல்யாணம். இலக்கியம் படிக்கிற நாம் இந்தக் கதையைக் கேட்டால் ஆடனை இன்னும் கொஞ்சம் நேசிப்போம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பாரீஸில் அகதிகளாக இருந்த போலந்துக்காரர்கள் சிலர் அமெரிக்க முன்னாள் ராணுவத்தினரைக் கட்டிக்கொண்டு, போர்க்கால மணப்பெண்களுக்கான சட்டத்தின் கீழ் அமெரிக்காவுக்குள் போனார்கள். சேர்ந்து வாழும் எண்ணம் யாருக்கும் இல்லை. லுட்வாக் வழக்கு. 1953-இல் உச்ச நீதிமன்றம் சதிக் குற்றத்தை உறுதி செய்தது. மூன்று நீதிபதிகள் உடன்படவில்லை. ஆடன் செய்ததற்கும் இவர்கள் செய்ததற்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அதன் பிறகு 1975-இல் பார்க் என்பவரின் வழக்கில் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் அளவுகோலைத் தெளிவாக்கியது. கல்யாணம் செய்த சமயத்தில் இருவருக்கும் சேர்ந்து வாழும் எண்ணம் இருந்ததா? அதுதான் கேள்வி. பிற்பாடு பிரிந்தார்கள் என்பது மட்டுமே அதைப் பொய்யாக்காது. இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ரொம்ப நியாயமான அளவுகோல் இது. ஏனென்றால் "எதற்காக" என்று அது கேட்கவில்லை, "என்ன செய்யப்போகிறாய்" என்று கேட்கிறது.

தமிழில் இரண்டையும் "எண்ணம்" என்றே சொல்லிவிடுகிறோம், அதனால் குழம்புகிறது. காரணம் வேறு, நோக்கம் வேறு. நகைக்கு ஆசைப்பட்டு ஒருத்தியைக் கட்டிக்கொண்டு, அவளோடு ஒழுங்காக வாழ்கிறவன் பேராசைக்காரன், பொய்யன் இல்லை. காதலில் உருகிக் கல்யாணம் செய்து, ஆறு மாதத்தில் கழற்றிவிடலாம் என்று உள்ளுக்குள் வைத்திருப்பவன் காதலனாக இருந்தாலும் பொய்யன்தான். கான்ட் சொன்ன மளிகைக் கடைக்காரர் உதாரணம் நிறைய பேருக்குத் தெரிந்திருக்கும்: வாடிக்கை போய்விடும் என்பதற்காகச் சரியான விலை சொல்கிறவர். அவர் செயலுக்கு ஒழுக்க மதிப்பில்லை என்பார் கான்ட். இருக்கட்டும். ஆனால் அவர் எடை குறைக்கவில்லையே.

நிக்காஹ் விஷயத்திலும் இதே யோசனை உண்டு. அது ஒப்பந்தம். மஹர் பேசி, சாட்சி வைத்து, சம்மதம் கேட்டு எழுதுவது. அதில் காகிதம் இருப்பது களங்கம் இல்லை, அதன் உடம்பே காகிதம்தான். இத்தனை நாளைக்கு என்று நாள் குறித்துச் செய்தால் சுன்னி மத்ஹபுகளில் செல்லாது. நாள் குறிக்காமல், மனசுக்குள் மட்டும் விட்டுவிடும் எண்ணம் இருந்தால்? அங்கே சட்ட அறிஞர்கள் இரண்டு விதமாகப் பேசியிருக்கிறார்கள். செல்லும் என்பவர்கள்கூட அதை அழகான காரியம் என்று சொல்லவில்லை. புகாரியின் முதல் ஹதீஸ், நிய்யத்தைப் பற்றியது, ஹிஜ்ரத்துக்கும் கல்யாணத்துக்கும் உள்ள தொடர்பைத்தான் உதாரணமாக எடுத்துக்கொள்கிறது. ஒருவன் நாடு பெயர்ந்தது ஒரு பெண்ணை மணப்பதற்காக என்றால் அவனுக்கு அதுதான் கணக்கில் வரும். மச்சான் விஷயம் தலைகீழ். நாட்டுக்காகப் பெண். அது எந்தக் கணக்கில் எழுதப்படும் என்று நான் எங்கள் ஹஜ்ரத்திடம் கேட்டேன். சிரித்துவிட்டு, "அந்தப் பொண்ணுக்கு ஹக்கைக் குடுத்தானான்னு பாருங்க தம்பி" என்றார்.

சட்டம் நோக்கத்தைக் கேட்கிறது, ஆனால் அதிகாரிகள் காரணத்தை மோப்பம் பிடிக்கிறார்கள். பிரிட்டனில் 1980-களில் "பிரதான நோக்க விதி" என்று ஒன்றை வைத்திருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் மாப்பிள்ளை, இந்தக் கல்யாணத்தின் பிரதான நோக்கம் பிரிட்டனுக்குள் வருவது இல்லை என்று நிரூபிக்க வேண்டும். அடிபட்டவர்கள் பெரும்பாலும் தெற்காசியர்கள். பெரியவர்கள் பார்த்துச் செய்த கல்யாணத்தில் காதலுக்கு அத்தாட்சி எங்கே இருக்கும்? 1997-இல்தான் அந்த விதியை எடுத்தார்கள். அத்தாவையும் அம்மாவையும் அந்த மேசை முன்னால் உட்கார வைத்துக் கற்பனை செய்து பார்த்தேன். நிக்காஹ் முடிந்த பிறகுதான் அம்மா அத்தா முகத்தைப் பார்த்தார். முப்பத்தைந்து வருஷமாகியும் அம்மாவின் டூத்பிரஷ் என்ன கலர் என்று அத்தாவுக்குத் தெரியாது. நிச்சயமாக ஃபெயில்.

*

ஹஜ்ரத் சொன்னதைப் பிடித்துக்கொண்டு போனால் கேள்வி இடம் மாறுகிறது. அரசாங்கத்துக்கு உண்மை சொன்னானா என்பதைவிட, அவளுக்குச் சொன்னானா?

ஏனென்றால் இந்த ஏற்பாட்டில் இரண்டு பேரும் சமம் இல்லை. குடியுரிமை வைத்திருப்பவர்தான் மனு போட வேண்டும். கிரீன் கார்டு கிடைக்கும்போது கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகவில்லை என்றால் அது இரண்டு வருஷ நிபந்தனை அட்டை. 1986-இல் வந்த விதி. அந்தக் காலம் முடியும்போது இருவரும் சேர்ந்து இன்னொரு மனு போட வேண்டும். அதுவரைக்கும் ஒருவரின் வாழ்க்கை இன்னொருவரின் கையெழுத்தில் தொங்குகிறது. அடி வாங்கிக்கொண்டு வாயை மூடியிருந்த மனைவிகளின் கதைகள் குவிந்த பிறகுதான், 1994 சட்டத்தில் கொடுமைக்கு ஆளானவர் தனியாக மனு போடும் வழியைத் திறந்தார்கள்.

எதிர்ப் பக்கமும் உண்டு. மனு போடுகிறவர் ஐ-864 என்றொரு உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும். வந்தவரை வறுமைக் கோட்டின் 125 சதவீதத்துக்குக் குறையாத நிலையில் தாங்குவேன் என்று. விவாகரத்து ஆனாலும் அது தானாக முடியாது. வந்தவர் குடியுரிமை பெறும் வரை, அல்லது நாற்பது காலாண்டு வேலைக் கணக்கு சேரும் வரை, அல்லது நாட்டை விட்டே போகும் வரை, அல்லது சாவு வரை. காதல் தீர்ந்த பிறகும் கடமை தீராத ஒரு காகிதம். நம் ஊர் வாழ்த்து மடல்களில் எழுதுவதைவிட இது கனமான வாக்கு.

மச்சானின் மனைவி ஒரு நர்ஸ். அவளுடைய பாட்டன்கள் கரும்புத் தோட்டத்துக்குக் கயானா போன இந்தியர்கள். அவளுடைய அப்பாவும் ஒரு காலத்தில் அமெரிக்காவில் பேப்பர் இல்லாமல் இருந்தவர்தானாம். "மூணாவது வாரமே அவகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன் மச்சான்" என்றான் அவன். "என்கிட்ட பேப்பர் இல்ல, வக்கீல் இதுதான் வழின்னு சொல்றான், ஆனா உன்னைப் புடிச்சும் இருக்கு, எது எவ்வளவுன்னு எனக்கே பிரிக்கத் தெரியலன்னு சொன்னேன்." இதைக் கேட்டபோது மனசு லேசானது. அப்படி என்றால் அவன் யாரையும் கருவியாக மட்டும் வைத்துக்கொள்ளவில்லை, தெரிந்தே அவளும் சம்மதித்தாள் என்று நினைத்துக்கொண்டேன்.

*

2019 ஜனவரியில் மாமி இறந்துபோனார். மச்சானின் மனு அப்போது நிலுவையில். அந்தச் சமயத்தில் முன் அனுமதி இல்லாமல் வெளியேறினால் மனுவைக் கைவிட்டதாகக் கொள்வார்கள், பத்து வருஷத் தடையும் விழும். அவசர அனுமதிக்கு வழி உண்டுதான். ஆனால் நம்ம ஊரில் மய்யித் காத்திருக்காது. ஃபஜ்ருக்கு முன்னால் மௌத், அஸருக்குள் அடக்கம். கோட்டக்குப்பத்து மையவாடியில்தான், அவர் பிறந்த ஊர் என்பதால். நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் அந்தப் பக்கம் ஒரு உணவகத்தின் ஸ்டோர் ரூமில் வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். மண் தள்ளும்போது சிக்னல் போய்விட்டது.

அத்தா அன்றைக்கும் சொன்னார்: "பேப்பருக்காக உம்மாவையே விட்டுட்டான்." நானும் அப்போது அப்படித்தான் நினைத்தேன். பேப்பருக்காக அவன் கொடுத்த விலை அது, யாரும் அவனை ஏமாற்றி வாங்கவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால், பேப்பர் இருந்திருந்தாலும் அவன் அஸருக்குள் வந்து சேர்ந்திருக்க முடியாது. பதினெட்டு மணி நேரப் பயணம். முடியாது என்பதற்கும் கூடாது என்பதற்கும் நடுவில்தான் அவன் துக்கம் மாட்டிக்கொண்டிருந்தது.

*

2022 டிசம்பரில் இருவரும் ஊருக்கு வந்தார்கள். மையவாடிக்குப் போய் வந்தான். நிறைய நேரம் நின்றான். அத்தா அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார், பேப்பரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கிரீன் கார்டைத் தொட்டுக்கூடப் பார்த்தார். 

அக்காவுக்குக் கல்யாணமாகிவிட்டது. மாப்பிள்ளை திண்டிவனம், நேஷனாலிட்டி இந்தியன். அன்றைக்குப் பள்ளி முடிந்து மரக்காணத்திலிருந்து பஸ்ஸில் நேராக வந்தாள், செருப்பில் உப்பளத்து மண் ஒட்டியிருந்தது. மச்சானிடம் நலம் விசாரித்தாள். அவன் அவள் கண்ணைப் பார்க்காமல் பதில் சொன்னான். பிறகு அவனுடைய மனைவியோடு மாடிக்குப் போய் உட்கார்ந்தாள். நான் டீ கொண்டுபோனேன்.

அக்கா தன் பள்ளிக்கூட இங்கிலீஷில் கேட்டுக்கொண்டிருந்தாள். அவனுக்குப் பேப்பர் இல்லை என்பதை அவன் உங்களிடம் முன்னாடியே சொன்னானா?

அவள் கொஞ்சம் யோசித்தாள். ஆமாம், சொன்னார் என்றாள். டீயை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, "ஆனால் நான் கேட்ட பிறகுதான்" என்றாள். தப்பாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எங்கள் அப்பா அப்படி இருந்தவர், அதனால் பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது என்றாள்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். மச்சான் வாசலில் நின்று, முத்தியால்பேட்டைக்குப் போக ஆட்டோ எவ்வளவு கேட்பான் என்று யாரிடமோ விசாரித்துக்கொண்டிருந்தான்.